மரத்தில் கிடந்த முதலை

வீட்டை ஒட்டித் தண்ணீருக்கு மேலே கட்டிய பலகைமேடையில் நின்ற பசு அசைபோடுவதை நிறுத்தியிருந்தது. வெள்ளம் ஏறியதிலிருந்து அந்தத் தாடை அரைபடும் சத்தம் வீட்டுக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். இப்போது பசு காதுகளை விறைத்துக்கொண்டு, தண்ணீரில் பாதி முங்கி நின்ற காட்டையே பார்த்தது. மரவள்ளி மாவு வறுத்துக்கொண்டிருந்த இராசெமா அடுப்பை அணைத்தாள். விடியலில் வலை பார்க்கப் போன அவள் புருஷன் அதெல்மோ, மதியம் சாய்ந்தும் திரும்பவில்லை.

பக்கத்து மிதவை வீட்டிலிருந்த நாத்தனார் நெயுசாவை ஏற்றிக்கொண்டு படகை விட்டாள்.

“அண்ணன் எங்கயாச்சும் கரையேறி சாராயத்தக் கவுத்துட்டுக் கெடக்கும் அண்ணி.”

“கரை எங்கடி இருக்கு?”

நெயுசா சிரித்தாள். ஜப்புரா ஆறு கரையை விழுங்கி மாதக்கணக்காகிவிட்டது. மான்கள் மேட்டுநிலம் தேடிப் போய்விட்டன. மஞ்சள் உடம்பில் கறுப்பு வளையம் போட்ட ஜாகுவார் புலிகள் மட்டும் போகவில்லை. குரங்கைப் பிடித்துத் தின்று, பசி மிஞ்சினால் நீந்தி வேட்டையாடி, கிளையிலேயே தூங்கி, குட்டியையும் அங்கேயே வளர்த்து, தண்ணீர் வடியும்வரை மரத்திலேயே குடியிருக்கும். ஆளைத் தொட்டதாக மட்டும் அந்தப் பக்கத்தில் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பச்சையாகி, பிறகு பழுப்பாகி, அழுகிய இலையும் ஈரப்பட்டையும் கலந்த வாடை மூக்கில் அப்ப, துடுப்பிலிருந்து சொட்டும் நீர் அவர்களுக்குப் பின்னால் வேறு யாரோ துழாவி வருவதைப்போல மரத்துக்கு மரம் எதிரொலித்தது. ஊளைக்குரங்குகளின் சத்தமே இல்லை. ஒரு கிளி கூட இல்லை.

“அண்ணி, மேல பாரு.”

தலைக்கு மேலே ஒரு கவட்டையில் இளம் முதலையொன்று துணிபோலத் தொங்கியது. மண்டை நொறுங்கியிருந்தது. வயிற்றுப் பக்கம் இல்லை.

“மொதலை மரம் ஏறாது அண்ணி.”

“பேசாம வா.”

அடுத்த வளைவில் அதெல்மோவின் படகு ஒரு மரத்தில் மோதி மோதி மிதந்தது. வலை பாதி இழுத்தபடி கிடக்க, அதில் மாட்டிய மீன்கள் இன்னும் துடித்தன. அவன் இல்லை. படகின் விளிம்பில் நான்கு கீறல்கள். விரல் புதையும் ஆழம்.

“நீந்தி வந்து ஏறப் பாத்திருக்கு,” என்றாள் நெயுசா. அவள் குரலில் சிரிப்பு போயிருந்தது. “திரும்பிரலாம் அண்ணி.”

“உங்கண்ணனை விட்டுட்டா?”

இராசெமா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். காடு அதை வாங்கிக்கொண்டது. மறுபடி கூப்பிட்டாள். எங்கோ மிக அருகில் ஒரு சுள்ளி முறிந்தது. மூத்திர நெடி. பச்சை இரத்தத்தின் வாடை. கழுத்தில் ஏதோ சொட்டியது. தொட்டாள். வழவழப்பு. கதகதப்பு.

நிமிர்ந்து பார்க்கக் கழுத்து மறுத்தது. தண்ணீரைப் பார்த்தாள்.

அலையடங்கி, கறுத்த கண்ணாடியாக இருந்தது. அந்தக் கண்ணாடிக்குள் தெரிந்த மர உச்சியில், மனிதப் பாரத்துக்கே வளையும் ஒல்லிக் கிளையில், அதெல்மோ. உயிரோடு. ஒரு கையால் கிளையை அணைத்திருந்தான். மறு கையால் தன் வாயைத் தானே பொத்தியிருந்தான். வேண்டாம், வேண்டாம் என்று தலை ஆடியது. அவள் கூப்பிட்டதெல்லாம் அவனுக்குக் கேட்டிருக்கிறது.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு நேர் மேலே எதையோ பார்த்தான்.

அவளும் அதைத் தண்ணீரில் தேடினாள். தடித்த கிளை. மஞ்சள். கறுப்பு வளையங்கள். பாயப் பதுங்கிய தோள்கள்.

பின்னால் நெயுசா படகின் அடியோடு குனிந்து ஒடுங்கினாள்.

துடுப்பு கையில் இருந்தது. கை அசையவில்லை. தண்ணீருக்குள் அந்த மிருகத்தின் முகம், வாய் திறந்து, பெரிதாகிக்கொண்டே வந்தது.