குப்பையில் தள்ளிய அசைவு

மாமனார் ஜெயினுலாபுதீன் கட்டையாட்டம் படுத்திருந்தார். ஆனால் லேப்டாப்பில் அவர் உடம்பின் அசைவுக் கோடு ஆடிக்கொண்டிருந்தது.

ஃபைஸா உதட்டைச் சுழித்தாள். புதுப்பட்டினத்துக் கடற்காற்று ஜன்னல் கதவைத் தட்டித் தட்டி, கருவாட்டு வாடையையும் வெயிலின் புழுக்கத்தையும் சேர்த்து அறைக்குள் தள்ளிக்கொண்டிருந்த மத்தியானம் அது. அவர் நெஞ்சில் ஒட்டியிருந்த பேட்ச் இதயத் துடிப்பையும் உடம்பின் அசைவையும் லேப்டாப்புக்கு அனுப்புவது. உடம்பு ஆடினால் துடிப்போடு குப்பையும் சேரும்; அந்தக் குப்பையை வடித்துத் தள்ளும் ஃபில்டர் ஃபைஸாவே எழுதிய சொந்தச் சரக்கு. துடிப்பு தடுமாறினால் உடனே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"மூச்சு முட்டுதும்மா. டாக்டரைக் கூப்டு."

"ரெண்டு தட்டு பிரியாணிய உள்ள தள்ளினா முட்டாம இன்னா செய்யும்? ஆடாம படுங்க மாமா. துடிப்பு எழுபத்திரெண்டு, தங்கமாட்டம் ஓடுது."

"நான் எங்கம்மா ஆடறேன்?"

"பொட்டி பொய் சொல்லுமா, நீங்க சொல்லுவீங்களா?"

கிழவருக்கு ரோஷம். பெருமூச்சு விட்டே ஊரை மிரட்டின ஆள், இருக்கட்டும். ஃபில்டர் தள்ளிய குப்பையைச் சும்மா திறந்து பார்த்தாள், சிரிக்கத்தான்.

அந்தப் பதிவில் உடம்பு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பிறகு வலப்பக்கம். பிணத்தைக் குளிப்பாட்டுகிறவர்கள் திருப்பிப் போடுவதைப் போல நிதானமாக. அப்புறம் ஒரு தூக்கல். அப்புறம் ஊசலாட்டம், நாலைந்து எட்டுக்கு ஒருமுறை சின்னக் குலுக்கல். தோள் மாறுகிறது. பிணம் வைத்த சந்தூக்கைச் சுமந்து போகிறவர்கள் அப்படித்தான் தோள் மாற்றுவார்கள். மாமியாரின் ஜனாஸா அடக்கத்துக்குப் போனபோது மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள்.

சிரிப்பு வரவில்லை.

ஃபில்டரை நிறுத்தினாள். துடிப்பு எங்கே? இல்லை. அசைவு மட்டும். எழுபத்திரெண்டு என்பது அவளுடைய ஃபில்டர் தானாக வரைந்தது.

கோடு இறங்கியது. மெதுவாக. இன்னும் கீழே.

நின்றது.

வலப்பக்கம் திரும்பியது.

கட்டில் கிறீச்சிட்டது.

"மாமா?"

அவர் திரும்பிப் படுத்திருந்தார். கடலுக்கு முதுகு. முகம் தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்த்து, குழியில் கிடத்துவதைப் போல.

கோட்டில் தொப்பென்று ஒரு அடி, மண் விழுவது போல. ஒரு பிடி. தொப். இன்னொரு பிடி. பிறகு எண்ணவே முடியாமல்.

தோளைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். கண் திறந்திருந்தது. ஜன்னல் வெயில் அதில் நேராக விழுந்தும் இமைக்கவில்லை.

"இன்னாம்மா, ஒரே இருட்டா கீது?"

ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் வாயிலிருந்து ஈர மண் தலையணையில் விழுந்துகொண்டிருந்தது.