வாசலில் பதில் சொன்னது யார்?

"அக்கா, குடை எங்கன்னு கேளு."

தேவானந்தம் கேட்டது தன் அக்காவை. ஆனால் கேள்வி போய்ச் சேர வேண்டிய இடம் அடுப்படி. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே எட்டடி தூரம் இருந்தால் அதிகம். அந்த எட்டடிக்கு ஒரு தபால்காரி, ஜெயசீலி.

"சௌந்தரி, குடை எங்கன்னு கேக்கறான்."

"கதவுக்குப் பின்னால, அண்ணி. மழையே இல்ல, குடை எதுக்கு?"

"மழையே இல்லன்னு சொல்றா."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லு!"

அவன் மனைவி ஞானசௌந்தரி ஸ்டவ்வைத் தணித்தாள். ஏழு வருஷமாக இப்படித்தான். ராத்திரியில் ஒரே கூரை, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரே பெஞ்சு வரிசை, மாதம் பிறந்தால் சம்பளக் கவரை அலமாரியில் வைத்துவிடுகிறான். அடிக்கவில்லை, திட்டவில்லை. நேராகப் பேசுவதில்லை, அவ்வளவுதான். ஏதாவது கோபம் வந்தால்கூட அது அக்கா வழியாகத்தான் வரும். பிள்ளை இல்லாத வீடு. மூன்று பேருக்கு அந்த மௌனம் ரொம்பப் பெரிசு.

காரணம் ஒரு கிட்டார்.

யுத்த காலத்தில் தாம்பரம் பக்கம் முகாம் போட்டிருந்த பட்டாளத்தில் ஒரு கறுப்பு அமெரிக்கச் சிப்பாய் இருந்தான். பதினாலு வயசு தேவானந்தத்துக்கு மூன்று மாதத்தில் கிட்டாரும் ப்ளூஸ் என்கிற பாட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பினான். ஒரு வரி பாடு, அதையே திரும்பப் பாடு, மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல். துக்கத்தைச் சிரிச்சுக்கிட்டே சொல்கிற பாட்டு. தேவானந்தம் அதைத் தமிழில் பாடினான். ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் ஆரம்பித்து, மவுண்ட் ரோடு ஓட்டல் வரைக்கும் சனிக்கிழமைதோறும் பாடினான். அறுபத்திரண்டில் ஒரு ரெக்கார்டும் வந்தது. பக்கத்துக்கு ஒரு பாட்டு. காலேஜ் பசங்க தேடித் தேடி வாங்கினார்கள்.

அறுபத்தைந்தில் ஓட்டல் மேடையில் பாடிக்கொண்டிருந்தவன் இருமினான். கைக்குட்டையில் ரத்தம். தாம்பரம் டி.பி. சானடோரியத்தில் பதினாறு மாதம். விலா எலும்பு நாலை எடுத்து, ஒரு பக்க நுரையீரலைச் சுருக்கித்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு வந்த அன்று முதலில் தேடியது கிட்டாரை. ஆணி மட்டும் இருந்தது.

"எங்க?"

"நான்தான் கொடுத்துட்டேன்" என்றாள் ஞானசௌந்தரி.

அன்றோடு பேச்சு நின்றது. குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் பில் கிளார்க்காகச் சேர்ந்தான். எட்டு பத்து வண்டியில் போய், ஆறு மணி வண்டியில் திரும்பி வருகிற மனுஷனானான்.

இன்றைக்கு எட்டு பத்து வண்டியைப் பிடிக்க முடியவில்லை. பால் ஊற்ற வந்த கிளியம்மாள் வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"டீச்சரம்மா! யாரோ ஒரு ஆளு உங்க வூட்டைத் தேடிகினு வந்துகீறாரு. பேண்ட் போட்டுகினு டீஜண்டா கீறாரு. கடன்காரன் மாதிரி தெரியல!"

பின்னாலேயே வந்தவர் ஐம்பது வயசுக்காரர். கையில் தோல் பை. தேவானந்தத்தைப் பார்த்ததும் அந்தப் பையைக் கீழே போட்டுவிட்டார்.

"பிரதர்! உயிரோட... நல்லா இருக்கீங்களே!"

"வேதசிரோமணி சார்?"

அறுபத்திரண்டில் அந்த ரெக்கார்டைப் பதிவு செய்தவர். இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். அடுப்படியில் காபித்தூளைத் தேடிக்கொண்டிருந்த ஞானசௌந்தரி டப்பாவைத் திறந்தபடியே காது கொடுத்தாள். கணவன் வாய்விட்டுச் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

"இப்ப கோடம்பாக்கத்துல சொந்தமா சின்ன ஸ்டுடியோ போட்டிருக்கேன். உங்க பழைய ரெக்கார்டை இன்னும் கேட்டு வர்றாங்க பிரதர். புதுசா நாலு பாட்டு போடலாம். இந்த மாசமே."

"நான் கிட்டாரைத் தொட்டு எட்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, சார். இப்ப ஞாபகம் வந்துதா உங்களுக்கு?"

"என்ன பிரதர் இப்படிக் கேக்கறீங்க? அறுபத்தெட்டுலயே வந்தேனே! நீங்க ஆபீசுக்குப் போயிருந்தீங்க. வீட்டம்மாதான் வாசல்ல நின்னு பதில் சொன்னாங்க. 'அவன் பாட்டை விட்டாச்சு, இனிமே இந்தப் பக்கம் வராதீங்க, ஒரு உயிரோட விளையாடாதீங்க'ன்னு கண்ணைக் கசக்கிட்டு நின்னாங்க. எனக்கும் மனசு கேக்கலை. போயிட்டேன்."



காபி டம்ளரோடு வந்த ஞானசௌந்தரி நிலைப்படியில் நின்றுவிட்டாள். அறுபத்தெட்டா? இவர் வந்தாரா? அவளுக்கே இது புதுசு. பகலில் அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். வீட்டில் இருப்பது...

திரும்பிப் பார்த்தாள். பின்கதவு ஓரத்தில் வெள்ளைப் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு ஜெயசீலி நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமில்லை.

"இதோ நிக்கறாளே வீட்டம்மா, அவளையே கேளுங்க!" என்றான் தேவானந்தம்.

வேதசிரோமணி நிமிர்ந்து பார்த்தார். புருவம் சுருங்கியது. "இவங்களா...? இல்லியே பிரதர், அன்னைக்கி..."

"நான்தான் சார்" என்று முந்திக்கொண்டாள் ஞானசௌந்தரி. "அப்ப நான் கொஞ்சம் குண்டா இருந்தேன். காபி ஆறிடும், குடிங்க."

மனுஷர் அவளைப் பார்த்தார், காபியைப் பார்த்தார். டம்ளரை வாங்கிக்கொண்டார்.

தேவானந்தம் எழுந்தான். ஏழு வருஷத்துக்கப்புறம் நேராக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"கிட்டாரைத் தூக்கிக் கொடுத்தே. சரி, நோயாளி புருஷன்னு நீ பயந்துட்டேன்னு நினைச்சேன். வாசல் தேடி வந்த மனுஷனையும் துரத்தியிருக்கியே! நான் தினமும் அந்த ஆபீஸ்ல தோல் நாத்தத்துல உக்காந்து, ஒருத்தனாவது என்னைத் தேடி வரமாட்டானான்னு... உனக்கு நான் என்னடி பண்ணேன்?"

அவள் கீழே கிடந்த தோல் பையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"வாயைத் திற!"

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க."

"இல்லியா? அப்ப எனக்கும் இந்த வீட்ல ஒண்ணும் இல்ல." கட்டிலுக்கடியில் இருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தான். "சார், நான் வர்றேன். பாடறேன். உங்க ஸ்டுடியோவுல ஒரு மூலையில படுத்துக்கறேன். இவ மூஞ்சியில முழிக்கமாட்டேன்."

நாலு சட்டை பெட்டிக்குள் விழுந்தது. ஞானசௌந்தரி சுவரில் சாய்ந்துகொண்டாள். அவன் மறுபடி பாட வேண்டும் என்று அவள் ஜெபிக்காத நாள் கிடையாது. பாடத்தான் போகிறான், அவள் இல்லாமல். இதற்கு என்னவென்று அழுவது?

"நில்லுடா!"

ஜெயசீலியின் குரல் கிழிந்து வந்தது.

"அவளை ஒண்ணும் சொல்லாதடா... நான்தான்டா. வாசல்ல பதில் சொன்னது நான். கிட்டாரைக் கொடுத்ததும் நான்!"

பெட்டி மூடி 'டப்'பென்று விழுந்தது.

"என்னக்கா சொல்றே?"

ஜெயசீலி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "உனக்கு ஆபரேஷன்னு சொன்ன அன்னைக்கு நான் கோயில்ல முழங்கால் போட்டேன்டா. 'ஆண்டவரே, என் தம்பி உயிரைக் கொடும், அவன் பாட்டை எடுத்துக்கும். இனிமே அவன் கிட்டாரைத் தொடமாட்டான்'னு பொருத்தனை பண்ணிட்டேன். நீ கண்ணு முழிச்சே. சொன்ன வார்த்தையை மீற முடியுமா? அந்த வருஷம் அறுப்புப் பண்டிகையில உன் கிட்டாரைக் காணிக்கையா வச்சேன்..."

ஞானசௌந்தரிக்கு அந்தக் காட்சி நேற்று மாதிரி இருந்தது. காணிக்கைகளை ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பூசணிக்காய், வாழைத்தார், கால் கட்டின ரெண்டு கோழி, அதற்குப் பக்கத்தில் புருஷனுடைய கிட்டார். பின்வரிசையிலிருந்து அவள் எழுந்திருப்பதற்குள், படப்பையிலிருந்து வந்த யாரோ ஒருவர் தன் பெண்ணுக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"நீ வந்து 'எங்க'ன்னு கேட்டப்ப எனக்கு நாக்கு எழும்பலடா. இவ முன்னால வந்து 'நான்தான்'னா. நானும் சும்மா இருந்துட்டேன். ஏழு வருஷம் சும்மா இருந்துட்டேன்! உன் குடைக்கும் செருப்புக்கும் நான் நடுவுல தூது போனேனே, ஒவ்வொரு நாளும் என் நெஞ்சு வெடிச்சுதுடா..."

தேவானந்தம் மனைவியிடம் திரும்பினான். 

"ஏன்?"

"நாலு எலும்பு எடுத்த உடம்போட வந்து நின்னீங்க" என்றாள் ஞானசௌந்தரி. "உங்களுக்கு அம்மா கிடையாது. அண்ணிதான் அம்மா. அம்மா இப்படிப் பண்ணிட்டான்னா அன்னைக்கு நீங்க தாங்கியிருக்க மாட்டீங்க. பெண்டாட்டி மேல கோபம்னா தாங்குவீங்கன்னு தோணிச்சு. ரெண்டு மாசத்துல தீர்ந்துடும்னு நினைச்சேன்... தீரல."

வேதசிரோமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப இவன் பாடினா..." ஜெயசீலி தம்பியின் வேட்டி நுனியைப் பிடித்தாள். "கொடுத்த உயிரை ஆண்டவர் திருப்பிக் கேட்டுட்டா? வேணாம்டா!"

அதுவரைக்கும் பொறுத்திருந்த ஞானசௌந்தரிக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"அண்ணி, நான் ஒண்ணு கேக்கறேன். பொருத்தனை வைக்கறவங்க அவங்கவங்க பொருளை இல்ல வைக்கணும்? உங்க பாட்டை வச்சிருக்கலாமே! முப்பது வருஷமா பாடகர் குழுவுல முன் வரிசையில நிக்கறீங்க. அதைத் தொடல. அவர் பாட்டை எடுத்து வச்சிட்டீங்க. பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடிச்சுட்டுப் போயி காணிக்கை வச்சா ஆண்டவர் ஏத்துக்குவாரா? அதை வச்சு ஒரு மனுஷனை ஏழு வருஷம் தோல் ஆபீஸ்ல உக்கார வச்சிட்டீங்களே அண்ணி!"

ஜெயசீலி வேட்டி நுனியை விட்டுவிட்டாள். ஞானசௌந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது. அவளுக்கு ஒன்பதரைக்குப் பள்ளிக்கூடம். பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தாள்.

மூடியிருந்த ரயில்வே கேட்டில் நின்றபோது பின்னால் மூச்சிரைக்கிற சத்தம். செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தான்.

"சௌந்தரி..."

பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. திரும்பினால் நடு ரோட்டில் அழுதுவிடுவாள்.

"நான் கேட்டிருக்கணும். ஒரு தடவை... ஒரே ஒரு தடவை 'ஏன்'னு கேட்டிருக்கணும். கேக்காமலே தீர்ப்பு சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ."

"ஓடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு இல்ல?"

"கையைப் பிடிச்சுக்கட்டுமா?"

"ரோட்டுலயா? என் கிளாஸ் பசங்க பாப்பாங்க!"

பிடித்துக்கொண்டான். கேட் திறந்து, சைக்கிள்காரர்கள் மணியடித்துத் திட்டிக்கொண்டு போன பிறகும் விடவில்லை. அவள் அழுது முடித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஆயுளில் முதல் முறையாகப் பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெயசீலி பாடகர் வரிசையில் ஏறவில்லை. தொண்டை சரியில்லை என்று பாதிரி ஐயரிடம் சொல்லிவிட்டுப் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். பாமாலைப் புத்தகம் மடியில் மூடியிருந்தது. சபையே எழுந்து பாடியபோதும் உதடு அசையவில்லை. ஞானசௌந்தரி பார்த்தாள்.  நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வேதசிரோமணி ஒரு கிட்டார் கொடுத்தனுப்பினார். முதல் வாரம் தேவானந்தத்தின் விரல் நுனியெல்லாம் கொப்புளம். ஞானசௌந்தரி தேங்காயெண்ணெய் தடவினாள். விரல் வழிக்கு வந்தது. மூச்சுதான் வரவில்லை. பழைய பாட்டின் நீட்டல்களில் பாதி வழியில் அறுந்து போயிற்று. 'முடியாது சார்' என்று கடிதம் போட்டான். மனுஷர் கடிதம் கண்டதும் வண்டி பிடித்து வந்து நின்றார்.

"நீட்டணும்னு யார் சொன்னா பிரதர்? உங்க பாட்டுல ஒவ்வொரு வரிக்கும் அப்புறம் இடம் இருக்கு. வரியைச் சின்னதா வைங்க. மிச்சத்தை கிட்டார் சொல்லட்டும். அந்த நேரத்துல மூச்சு விடுங்க."

அப்படியே புதுசாக நாலு பாட்டுக் கட்டினான்.

பதிவுக்கு ஜெயசீலியும் வந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து ஞானசௌந்தரியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"காலை வண்டி போயிடுச்சு, கையில டிக்கெட் இருக்குது...
காலை வண்டி போயிடுச்சு, கையில டிக்கெட் இருக்குது..."

கிட்டார் ரெண்டு வார்த்தை பேசியது. தேவானந்தம் நின்றான். மார்பு ஏறி இறங்கியது. மூச்சு கிடைக்கவில்லையோ? ஜெயசீலியின் நகம் ஞானசௌந்தரியின் உள்ளங்கையில் பதிந்தது. "ஆண்டவரே... ஆண்டவரே..."

"ஸ்டேஷன் மாஸ்டர் சொல்றாரு, இந்த ஊருக்கே வண்டி கிடையாது!"

பாட்டு கடைசிவரை போயிற்று. விளக்கு அணைந்தது. தேவானந்தம் உயிரோடு, வியர்த்து, சிரித்துக்கொண்டு வெளியே வந்தான். ஜெயசீலி தம்பியிடம் போகவில்லை. ஞானசௌந்தரியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள்.

"என்னை மன்னிப்பியா சௌந்தரி?"

"அழாதீங்க அண்ணி. டேப்புல விழுந்துடப் போவுது."

வேதசிரோமணி டேப்பைத் திருப்பி ஓடவிட்டார். மூன்றாவது வரிக்கு முன்னால், கிட்டாருக்கு நடுவே, துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"மூச்சு சத்தம் விழுந்திருக்கு. பாட்டு பிரமாதம், அது ஒண்ணுதான் உறுத்துது. இன்னொரு டேக் எடுத்துடலாமா பிரதர்?"

தேவானந்தம் மனைவியைப் பார்த்தான். "நீ சொல்லு."

"அது இருக்கட்டும் சார்" என்றாள் ஞானசௌந்தரி. "சானடோரியத்துல பதினாறு மாசம் கட்டில் பக்கத்துல உக்காந்து, அந்தச் சத்தம் வருதா வருதான்னுதான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

வேதசிரோமணி பென்சிலை எடுத்து டேப் பெட்டியின் மேல் எழுதினார்: 'முதல் பாட்டு, ஓகே.'