பந்தயச் சைக்கிளின் முன்சக்கரம்

"அந்தச் சுருளி உள்ளயே கெடந்து சாகணும்யா. அதுக்கு ஒரு சாட்சி புடிச்சுக் குடுங்க," என்றார் சின்னச்சாமி, துப்பறியும் ஹாலாஸ்யத்திடம்.

வில்லாபுரத்து விவசாயி. விஜயதசமி காலையில் நடந்த சைக்கிள் பந்தயத்தில், பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரிக்கு அடியில் போனவன் அவருடைய மூத்த மகன் முத்திருளன். ஆயுத பூசைக்கு முன்தினம் அவன் சைக்கிளின் பிரேக்கைச் சரிபார்த்த செல்லூர் மெக்கானிக் சுருளி, சின்னச்சாமியின் புகாரில் லாக்கப்பில் கிடந்தான்.

"பூசையன்னைக்கு நாந்தான் பெரியவன் வண்டிக்கு, ரெண்டு சக்கரத்துக்கும் சேத்து, சந்தனம் வச்சேன். சின்னவன் மலையாண்டி தன் சைக்கிளைத் தூக்கிட்டு ஊர் சுத்தப் போயிட்டான். தறுதலை. நல்ல பிள்ளையத்தான் எமன் கேட்டான்."

போலீஸ் திருப்பிக் கொடுத்திருந்த சைக்கிள் முற்றத்தில் கிடந்தது. ஹாலாஸ்யத்தின் உதவியாளர் சியாமளா முந்திக்கொண்டு முன்பிரேக்கை அழுத்தினாள்.

"பிரேக் கட்டை ரிம்மைத் தொடலை சார், டயர்லதான் உரசுது. சுருளி கட்டையைத் தப்பா வச்சிருக்கான்."

ஹாலாஸ்யம் ஒரு கயிற்றால் இரண்டு ரிம்மையும் சுற்றி அளந்தார். "கட்டை சரியான இடத்துலதான் இருக்கு. முன்சக்கரம்தான் சின்னது. இதுல சந்தனம் எங்கே?"

"விழுந்ததுல உதிர்ந்திருக்கும்," என்றார் சின்னச்சாமி.

"ஹேண்டில்ல இருக்கு, பின்சக்கரத்துல இருக்கு, முன்சக்கரம் மாட்டுற ஃபோர்க்குலகூட இருக்கு. இது பூசைக்கு அப்புறம் மாட்டினது. அன்னைக்குச் சுருளியோட ஸ்பேனரெல்லாம் சாமி முன்னால இருந்திருக்கும். தொழில்காரன் தொட மாட்டான்."

அவர் சுவரோரம் நின்ற மலையாண்டியின் சைக்கிளிடம் போனார். வண்டியில் எங்கும் பொட்டு இல்லை. முன்சக்கரத்தில் மட்டும் காய்ந்த சந்தனம் இருந்தது.

சியாமளா இரண்டு முன்சக்கரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த மலையாண்டி தலை நிமிராமல் சொன்னான்: "என் வீல் கோட்டமா இருந்துச்சு. அதை மாட்டிவிட்டா அண்ணன் செயிக்க மாட்டான்னு நெனச்சேன். அளவு வேறன்னு சத்தியமாத் தெரியாது. பந்தயத்துல நான் அவனுக்கு முன்னால போயிட்டிருந்தேன், பின்னால லாரி மோதுன சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாக்காம ஓட்டிட்டேன்."

"புகாரை நீங்கதான் மாத்தணும்," என்றார் ஹாலாஸ்யம் மெதுவாக.

சின்னச்சாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு மிச்சம் இவன் ஒருத்தன்தானய்யா," என்றார். பிறகு எழுந்து மகனின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நட. சுருளியும் ஒருத்தன் பெத்த பிள்ளைதான்."

ஸ்டேஷன் வாசல் வரைக்கும் அவர் அந்தக் கையை விடவில்லை.