பைன் கொத்து தொங்கிய வீடு

அந்த வீட்டில் விளக்கு எரிந்ததா, இல்லையா... அது எனக்குச் சரியாக நினைவில்லை. எரிந்தது என்று புர்கி சொல்வாள். இல்லை என்பான் செவெரின். இருவரிடமும் மாறி மாறிக் கேட்டதில் அவர்கள் சொன்னது எது, நானாக நினைத்துக்கொண்டது எது என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது. ஆனால் வாசலில் பைன் கொத்து தொங்கியது. அதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

அக்டோபர் கடைசி. டான்யூப் ஆற்றின் மேல் கிடந்த பனி, பகல் ஏறியும் விலகவில்லை. டூர்ன்ஸ்டைன் துறையில் கப்பலிலிருந்து இறங்குகிறவர்களை, ஆற்றுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவே போகும் சமதளப் பாதையில் வைசன்கிர்ஷென் வரை நடத்திக் கூட்டிவருவது புர்கியின் வேலை. முட்டி வலிக்காரர்களும் நடக்கலாம். இடிந்த கோட்டை, சுவர்களில் பழைய வெள்ளங்கள் விட்டுப்போன கோடுகள், மதில் சூழ்ந்த தேவாலயம்... கடைசியில் எங்காவது உட்கார்ந்து ஒரு கோப்பை ஒயின்.

அன்று அந்தக் கடைசிக் கோப்பைக்கு இடமில்லை. வழக்கமாகப் போகும் வீட்டில் கொத்தை இறக்கிவிட்டார்கள். குளிரில் எல்லோருக்கும் மூக்கு சிவந்திருந்தது. ஹாம்பர்க்கிலிருந்து வந்திருந்த லீஸலோட்டே அம்மாள் குடையை ஊன்றிக்கொண்டு பின்தங்கி வந்தார். அப்போதுதான் சந்தின் முடிவில், பனிக்குள், ஒரு வாசலில் பைன் கொத்து தெரிந்தது.

எங்கள் பள்ளத்தாக்கில் கொத்து தொங்கினால் அந்த வீட்டில் ஒயின் ஊற்றுகிறார்கள், கதவு திறந்திருக்கிறது என்று பொருள். தட்டவேண்டாம், கேட்கவேண்டாம். யாரும் உள்ளே போய் உட்காரலாம். புர்கியும் அதைத்தான் செய்தாள். நீண்ட மேசை துடைத்து வைத்திருந்தது. ஜாடி நிறைய ஒயின், கவிழ்த்து வைத்த கோப்பைகள். ஆள் மட்டும் இல்லை. நிலவறையில் யாரோ விரல் முட்டியால் மரத்தைத் தட்டும் சத்தம். ஒன்று... கொஞ்சம் விட்டு இன்னொன்று. நிலவறைக் கதவருகே போய், ஆள் வந்திருக்கிறோம் என்று குரல் கொடுத்தாள்.

"உக்காருங்க... வரேன்" என்றது கீழேயிருந்து ஒரு கனத்த குரல்.

அவள் ஜாடியை எடுத்து வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தபோது, மூலையில் இருந்த லீஸலோட்டே அம்மாளின் கோப்பை ஏற்கெனவே நிறைந்திருந்தது. தானே ஊற்றிக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

அப்போது தெருக்கதவு திறந்தது. நனைந்த கோட்டோடு ஒருவன் நின்றான். மழைக்கு முந்தைய ஆற்றின் நிறத்தில் கண்கள்... அதில் கோபமா, பயமா? புர்கிக்குப் புரியவில்லை. ஆனால் பார்வையை எடுக்கவும் முடியவில்லை.

"யாரு உங்களை உள்ள விட்டது?"

"வாசல்ல கொத்து தொங்குது. அதுக்கு மேல யார் விடணும்?"

"அந்தக் கொத்தை நான் எரிச்சிட்டேன். எங்கப்பாவை அடக்கம் பண்ணின மறுநாளே."

 புர்கி மெதுவாக நிலவறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். இப்போதுதான் அதில் தொங்கிய பூட்டு அவள் கண்ணில் பட்டது.

"அப்ப... கீழ இருக்கறது?"

அவன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினான். பிறகு அந்தச் சாவியாலேயே அவளைச் சுட்டினான். "கப்பல்ல வர்றவங்களுக்குப் பேய் காட்டணும்னா வேற வீடு பாருங்க."

"பேயைக் காட்டணும்னா கோட்டைக்குக் கூட்டிட்டுப் போவேன். இப்படி ஒரு மூஞ்சியைக் காட்டி ஜனங்களைப் பயமுறுத்த மாட்டேன்."

"ஆனா ஒயின் ரொம்ப நல்லா இருக்கு தம்பி" என்றார் லீஸலோட்டே அம்மாள்.

வெளியே வரும்போது புர்கி கொத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் வெட்டியது. விரலில் ஒட்டிய பிசின், எத்தனை முறை கழுவியும் வீடு வரை மணத்தது.

அவன் யார் என்று ஊரே சொன்னது. இக்னாஸ் தால்ஹாமரின் ஒரே மகன் செவெரின். செங்குத்தான கல்படித் தோட்டத்தில் முதுகொடிய எனக்குத் தலையெழுத்தா என்று கேட்டுவிட்டு லின்ஸ் நகரத்து இரும்பாலைக்குப் போனவன். அன்றிலிருந்து அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. ஆகஸ்டில், கொடிகளுக்கு நடுவிலேயே, நீல ஏப்ரனோடு விழுந்து கிடந்தார் இக்னாஸ். அடக்கத்துக்கு வந்தவன், பழம் காத்திருக்காது என்பதால் அறுவடைக்கும் தங்கினான். வீட்டையும் தோட்டத்தையும் வியன்னாக்காரர் ஒருவர் வாங்குகிறார். நவம்பர் பதினொன்று, மார்ட்டின் திருநாளன்று கையெழுத்து.

அடுத்த நடையிலும் கொத்து தொங்கியது. அதற்கடுத்த நடையிலும். செவெரின் இறக்கி எரிக்க எரிக்க, புதிது வந்து தொங்கியது. புர்கி உள்ளே போகவில்லை. ஆனால் அந்தச் சந்துக்குள் வந்ததும் அவள் நடை தானாகவே மெதுவானது. அவன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

"இன்னிக்கும் நல்லாக் கட்டியிருக்கீங்க" என்பான்.

"முடிச்சைப் பாருங்க. நான் கட்டினா இவ்வளவு அசிங்கமாவா இருக்கும்?"

ஒரு நாள் நடை இல்லை, மழை. ஆனாலும் அவள் வந்தாள். எதற்கு வந்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, பதில் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அவன் எதிர்ப்பக்கம் தேவாலய மதிலின் கூரைக்கடியில் நின்று தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசல் வெறுமையாக இருந்தது. அவளும் பக்கத்தில் போய் நின்றாள்.

"காவலா?"

"கட்டற ஆளைப் பிடிக்கப் போறேன். நீங்க இங்க இருக்கீங்க. இப்ப யார் கட்டறாங்கனு பார்த்துடலாம்."

 மழை ஓட்டிலிருந்து வழிந்து இருவருக்கும் முன்னால் ஒரு திரையாக விழுந்தது. வேறு யாரோடும் இவ்வளவு நேரம் பேசாமல் நின்றதில்லையே என்று அவள் நினைத்தாள். அந்த மௌனம் கனக்கவில்லை... அதுதான் ஆச்சரியமாக இருந்தது. அவள் கன்னத்தில் ஒட்டிய ஈர முடியை ஒதுக்கினாள். அவன் திரும்பினான். அவளும் திரும்பினாள். பார்த்தார்கள். ஒரு மூச்சு விடும் நேரம், அவ்வளவுதான்.

மீண்டும் பார்த்தபோது வாசலில் கொத்து ஆடிக்கொண்டிருந்தது.

காற்று இல்லை.

அன்று அவன் அவளை உள்ளே அழைத்தான். ரொட்டியும் உப்பிட்ட பன்றிக்கறியும் நறுக்கி வைத்தான். பிறகு நிலவறைக் கதவைத் திறந்து, "கேளுங்க" என்றான்.

அவள் காதைத் தீட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த மாதத்தில் தெருவில் எந்த நிலவறையைத் திறந்தாலும் புதுச் சாறு பீப்பாய்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்கும், குமிழ் விடும். இங்கே கல்லறை போல அமைதி. அறுத்து ஊற்றி வாரங்கள் ஆகியும் ஒரு பீப்பாய்கூடப் புளித்துப் பொங்கவில்லை என்றான். இப்படியே போனால் கெட்டுவிடும். அப்பாவின் கடைசி அறுவடை.

"ஒயின்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

 அவனுக்குத் தெரியாமலா இருக்கும். வீட்டு எஜமான் இறந்தால், அடுத்தவன் நிலவறைக்குப் போய் ஒவ்வொரு பீப்பாயையும் தட்டிச் செய்தி சொல்லவேண்டும். பெரியவர் போய்விட்டார், இனி நான் இருக்கிறேன் என்று. சொல்லாவிட்டால் ஒயின் அவருக்காகவே காத்திருக்கும்.

"முதல் பாதியைச் சொல்லிடுவேன்" என்றான் கடைசியில். "ரெண்டாவது பாதி பொய். நான் இருக்கப் போறதில்லையே."

"இருக்கறதுக்கு என்ன? அப்பா மேல இருக்கற வீம்பை அவர் செத்த பிறகும் பீப்பாய் மேல காட்டறீங்க."

சொன்ன பிறகுதான் அதிகமாகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் முகம் இறுகியது.

"உங்களுக்கென்ன. நாளைக்கு வேற கப்பல், வேற கதை. நாங்களும் அதுல ஒண்ணு."

அவள் எழுந்து போய்விட்டாள். அதன்பிறகு அந்தச் சந்துப் பக்கமே போகாமல், கூட்டத்தை ஆற்றோரமாகவே நடத்தினாள். கோட்டைக் கதையைச் சொல்லும்போது பாதியில் நின்றுவிடுவாள்... கேட்பவர்கள் அதுவும் கதையின் பகுதி என்று நினைத்துக்கொள்வார்கள். அவனும் அவளைத் தேடி வரவில்லை. இருவரும் எதிரெதிர்க் கரையில் நின்று, தோணியை மற்றவர் அனுப்பட்டும் என்று காத்திருந்தார்கள்.

மார்ட்டின் திருநாளுக்கு முந்தின நாள் பகல். கூட்டத்தைத் துறையில் விட்டுவிட்டுத் திரும்பும்போது அவள் கால்கள் சந்துக்குள் திரும்பின. வாசலில் கொத்து இல்லை. தொங்கியபோதெல்லாம் வராத பயம் அப்போது வந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், யாரோ ஒருவர் நிறுத்திக்கொண்டதைப் போல இருந்தது.

உள்ளே போனாள். நிலவறைப் பூட்டு திறந்து கிடந்தது. கீழே அதே சத்தம். ஒன்று... கொஞ்சம் விட்டு இன்னொன்று. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

செவெரின்தான். ஒரு கையில் மெழுகுவர்த்தி. மறு கை முட்டியில் தோல் உரிந்திருந்தது.

"தட்ட வருது" என்றான் திரும்பாமல். "வார்த்தைதான் வரல."

அவள் அவனுக்குப் பின்னால் வெறுமனே நின்றாள். அவள் மூச்சு அவனுக்குக் கேட்டிருக்கவேண்டும்.

அவன் தட்டினான். "அப்பா போயிட்டார்..." மறுபடி தட்டினான். "இனி நான் இருக்கேன்" என்றான்.

ஒவ்வொரு பீப்பாயாகப் போனான். ஒவ்வொன்றிடமும் அதையே சொன்னான். அவள் காலடி அவனைத் தொடர்ந்தது. பீப்பாய்கள் அமைதியாகவே இருந்தன. கடைசிப் பீப்பாயின் முன்னால் கையை ஓங்கியவன் தட்டாமல் நின்றான்.

"வீட்டுல யார் யார் இருக்காங்கனு சொல்லணுமாம். அப்பா சொல்வார்." மெழுகுவர்த்தியை அவள் பக்கமாகத் திருப்பினான். "என் பேரோட நிறுத்தவா... இல்ல, நீ சொல்றியா?"

இத்தனை நாளில் அவன் அவளை நீ என்றது அதுதான் முதல் தடவை. எங்கள் ஊரில் அந்த ஒரு வார்த்தையை மாற்ற ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவள் அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நீ... பிறகு அவனைத் தாண்டிப் போய், தன் விரல் முட்டியால் மரத்தைத் தட்டினாள்.

"நோட்புர்கா" என்றாள். "புர்கினு கூப்பிட்டாப் போதும். நானும் இங்கதான் இருப்பேன். இவனைப் பிடிச்சுப் போச்சு... என்ன பண்றது."

அவன் சிரித்தானா, அழுதானா தெரியாது. அப்போது சுடர் படிக்கட்டின் பக்கமாகச் சாய்ந்தது, யாரோ பக்கத்தில் உரசிக்கொண்டு மேலே போவது போல. பிறகு நிமிர்ந்தது. பைன் பிசின் மணத்தது. கடைசிப் பீப்பாய்க்குள் எங்கோ ஆழத்தில் ஒரு குமிழ் உடைந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

வியன்னாக்காரர் மறுநாள் வந்தார், பொங்கத் தொடங்கிய சாற்றை ருசித்தார், விற்கவில்லை என்று செவெரின் சொன்னதும் கையெழுத்து வாங்காமலே போனார். அவர் பிறகு பக்கத்து ஊரான ஸ்பிட்ஸில் ஒரு வீடு வாங்கினார். செவெரினும் புர்கியும் அடுத்த வசந்தத்தில் திருமணம் செய்துகொண்டார்கள். இரண்டு பெண்கள். மூத்தவள் இப்போது தோட்டத்தைப் பார்க்கிறாள், இளையவள் லின்ஸில் இருக்கிறாள். புர்கி முட்டி வலி வரும்வரை நடை கூட்டிப்போனாள். கொத்து அதன்பிறகு தானாகத் தொங்கியதில்லை. செவெரின்தான் கட்டுகிறான், முடிச்சு இன்னும் அசிங்கமாகத்தான் இருக்கிறது. லீஸலோட்டே அம்மாள் மறு இலையுதிர்காலத்தில் ஒருமுறை வந்தார், அதே மூலையில் உட்கார்ந்தார், சுற்றிலும் தேடினார். போன தடவை தனக்கு ஊற்றிக் கொடுத்தாரே நீல ஏப்ரன் போட்ட பெரியவர், அவர் எங்கே என்று கேட்டார். ஓய்வெடுக்கப் போய்விட்டார் என்றான் செவெரின். அந்த அம்மாள் சில வருடங்கள் கழித்து ஹாம்பர்க்கில் இறந்துபோனார்.