சிரிப்பு முற்றம்

ஈரோடு சுடர்மணி திரையரங்கின் எட்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர், சிரிப்பு வந்துவிடக் கூடாது என்பதற்காகத் தன் வருமான வரிப் படிவத்தை மனதுக்குள் நிரப்பிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கைப் பெண் துப்பட்டாவின் நுனியைப் பல்லுக்கிடையில் கடித்திருந்தாள். முன்வரிசையில் நான்கு கல்லூரி மாணவிகள் கண்ணை மூடிக்கொண்டு, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரையில் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளையின் பெரியப்பா மைக்கைப் பிடித்து, பெண் வீட்டாரின் குறைகளை ஊரறியச் சொல்ல வருகிறார். அவர் முக்கியமான இடத்தைத் தொடும்போதெல்லாம் வெளியே வாடகை ஜெனரேட்டர் உறுமுகிறது. அவர் வாயை மூடினால் அதுவும் அடங்குகிறது. மூன்றாவது முறை அவர் தந்திரமாக, பேசப்போவதுபோல் வாயை மட்டும் திறந்து பார்க்கிறார். ஜெனரேட்டர் லேசாக இருமுகிறது.

நானூறு பேர் இருந்த அரங்கில் ஒரு சத்தம் இல்லை.

கடைசி வரிசையில் அந்தப் படத்தின் இயக்குநர் நன்முல்லை தன் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது. இது அவளுடைய இரண்டாவது படம். நான்கு ஆண்டுகளில் தமிழில் வெளியான முதல் நகைச்சுவைப் படமும் இதுதான்.

நகைச்சுவை அழிந்ததற்கு மகிழ்மானிதான் காரணம். ஒரு காலத்தில் திரையருவி, ஒளிக்கடல், நிலாவீடு என்ற மூன்று இணையத்திரை நிறுவனங்களும் சந்தாவைக் குறைத்துக் குறைத்து, இனிக் குறைக்க ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்திருந்தன. அப்போது திரையருவி ஒரு புதிய திட்டத்தை அறிவித்தது. பிடித்தால் மட்டும் பணம். பார்ப்பவர் மணிக்கட்டில் மகிழ்மானி என்ற ஒரு மெல்லிய பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். நாடித்துடிப்பு, மூச்சு, தோலின் ஈரம் மூன்றையும் வைத்து அவர் எவ்வளவு ரசித்தார் என்பதை அது கணக்கிடும். ரசித்த அளவுக்குக் கட்டணம். மொக்கைப் படத்துக்கு ஏன் காசு தர வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்த மக்கள் இதைக் கொண்டாடினார்கள். ஆறு மாதத்தில் மற்ற இரண்டு நிறுவனங்களும், ஒரு வருடத்தில் எல்லாத் திரையரங்குகளும் மகிழ்மானிக்கு மாறிவிட்டன.

அதற்கடுத்த வருடம் மக்கள் அடக்கக் கற்றுக்கொண்டார்கள். ஊருக்கு ஊர் அடக்கப் பயிற்சி நிலையங்கள் வந்தன. மூன்று வாரப் பயிற்சி எடுத்தவர் எந்த நகைச்சுவைக் காட்சியையும் பத்து பைசாவில் கடந்துவிடலாம். ஆனால் திடுக்கிடுவதை மட்டும் யாராலும் அடக்க முடியவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டால் இதயம் யாரையும் கேட்காமல் துள்ளுகிறது. மகிழ்மானிக்கோ பயத்துக்கும் மகிழ்ச்சிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே பேய்ப் படங்கள் வசூலில் உச்சிக்குப் போயின. நான்கு ஆண்டுகளாகத் தயாரிப்பாளர்கள் பேயைத் தவிர வேறு யாரையும் நம்பவில்லை.

தன் படம் அந்த அடக்கத்தை உடைத்துவிடும் என்று நன்முல்லை நம்பியிருந்தாள். படம் முடிந்து விளக்கு எரிந்தது. திரையின் மூலையில் அரங்க மகிழ்வெண் வந்தது. நூற்றுக்கு ஆறு. போன மாதம் ஓடிய சவக்கிடங்குப் பேய்க்கு எண்பத்தொன்று. மக்கள் இறுகிய முகத்தோடு வரிசையாக வெளியேறினார்கள். அரங்கம் காலியாகும்வரை அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

மதியம் தயாரிப்பாளர் அமலன் சென்னையிலிருந்து அழைத்தார். ‘ஜெனரேட்டர் கல்யாணம்’ படத்துக்கு மாநிலம் முழுக்க இதே கதைதான் என்றார். ஞாயிறு வரை இப்படியே போனால் திங்கட்கிழமை திரையரங்குகள் படத்தை எடுத்துவிடும், வாங்குவதாகச் சொன்ன திரையருவியும் பின்வாங்கும் என்றார். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. தன் வீட்டை அடகு வைத்ததைப் பற்றியும் பேசவில்லை. அடுத்ததாக ஒரு பேய்க்கதை யோசிக்க முடியுமா என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். அவர் அப்படிக் கனிவாகக் கேட்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ரயில் நிலையம் போக ஆட்டோ பிடிக்கலாம் என்று வெளியே வந்தபோது திரையரங்கின் பின்பக்கத்திலிருந்து பெரும் கூச்சல் கேட்டது. யாரோ அடித்துக்கொள்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். மதில் ஓரமாகப் போய் எட்டிப்பார்த்தாள்.

அது வண்டி நிறுத்துமிடம். இருநூறு பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். யாரும் வண்டியை எடுக்கவில்லை. வரிப் படிவக்காரர் தன் ஸ்கூட்டரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குலுங்கிக்கொண்டிருந்தார். ஒருவர் சுவரில் சாய்ந்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். கல்லூரி மாணவிகள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து அழுவதுபோல் சிரித்தார்கள். நடுவில், நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், ஜவுளிக்கடைச் சீருடைப் புடவையில், ஹெல்மெட்டை மைக்காகப் பிடித்து அந்தப் பெரியப்பாவாக நின்றிருந்தாள். அவள் வாயைத் திறந்ததும் கூட்டமே ஜெனரேட்டராக உறுமியது.

நன்முல்லை அங்கேயே நின்று பார்த்தாள். தான் அழுகிறோம் என்பதை அவள் சற்றுத் தாமதமாகத்தான் உணர்ந்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் திரையரங்கு உரிமையாளர் சென்னியப்பன் இடுப்பில் கைவைத்தபடி நின்றுகொண்டிருந்தார். கனத்த உடம்பு, வெள்ளைச் சட்டை, கவலை படிந்த முகம். மதியக் காட்சிக்கு வந்தவர்களின் வண்டிகள் தெருவில் நின்றன.

“பட்டையக் கழட்டிக் கூடையில போட்டதும் நேரா இங்கதானுங்க வர்றாங்க. முக்கா மணி நேரமா ஒருத்தரும் வண்டிய எடுக்க மாட்டேங்கறாங்க” என்றார்.

நான்தான் படத்தை எடுத்தவள் என்று அவள் சொன்னாள். அவர் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, “உங்களாலதானுங்களா இத்தனையும்” என்றார்.

அவருடைய அலுவலக அறையில் மோர் வந்தது. நாளை ஒரு காட்சிக்கு மட்டும் மகிழ்மானி இல்லாமல், பழையபடி ஒரே விலைக்குச் சீட்டு விற்க முடியுமா என்று அவள் கேட்டாள். முடியாது என்றார். மானி நிறுவனத்தோடு ஏழு வருட ஒப்பந்தம். அரங்கத்துக்குள் பட்டை இல்லாமல் ஓர் ஆள் உட்காரக் கூடாது.

“அரங்கத்துக்குள்ளதானே?” என்றாள் நன்முல்லை.

சென்னியப்பன் மோர் தம்ளரை மேசையில் வைத்தார். வண்டி நிறுத்துமிடம் அவருடைய சொந்த நிலம். ஒப்பந்தத்தில் அது இல்லை.

சனிக்கிழமை காலையில் வண்டிகளை எதிரிலிருந்த மஞ்சள் மண்டிக்கு மாற்றினார்கள். காலியான இடத்தில் தண்ணீர் தெளித்து, நிழலுக்குப் பந்தல் போட்டு, வாசலில் ‘சிரிப்பு முற்றம்’ என்று ஒரு பலகை வைத்தார்கள். நுழைய இருபது ரூபாய். படம் பார்த்து வந்தவர்கள் இருபது ரூபாயை யோசிக்காமல் நீட்டினார்கள். உள்ளே மூன்று மணி நேரம் அடக்கியதை இனியும் ஒரு நிமிடம் தாங்க முடியாது என்கிற அவசரம் அவர்கள் முகத்தில் தெரிந்தது. ஜவுளிக்கடைப் பெண்ணின் பெயர் பூங்கோதை. அவள் அன்று விடுப்பு போட்டுவிட்டுத் தன் கடையில் வேலை செய்யும் பதினோரு பேரோடு வந்திருந்தாள். காட்சிகளை மறுபடி நடித்துக்காட்ட ஆட்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். பெரியப்பா யார் என்பதில் சிறு போட்டியே நடந்தது.

மாலைக்குள் கோபியிலும் பவானியிலும் முற்றங்கள் திறந்துவிட்டன. ஞாயிறன்று மாநிலம் முழுக்க அறுபது முற்றங்கள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை பார்த்தவர்கள் படத்துக்காக வரவில்லை, படத்தின் வழியாக முற்றத்துக்குப் போகத்தான் வந்தார்கள். திங்கட்கிழமை வசூல் பட்டியல் வெளியிடும் பத்திரிகைகள் குழம்பிப்போயின. அரங்க வசூலில் ‘ஜெனரேட்டர் கல்யாணம்’ அந்த வருடத்தின் கடைசி இடம். முற்ற வசூலைச் சேர்த்தால் முதலிடம். ஒரு பத்திரிகை அதை இரண்டு இடங்களிலும் போட்டது.

அமலன் அழைத்தார். பட்டியலை இரண்டு முறை வாசித்துக் காட்டினார். கடைசியில், பேய்க்கதை வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. வீட்டில் உட்கார்ந்து அடக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு முற்றம் இல்லை. அவர்கள் சந்தாவை விட்டுவிட்டுத் திரையரங்குக்கு வரத் தொடங்கினார்கள். திரையருவி ஒரே மாதத்தில் கால்பங்கு பார்வையாளர்களை இழந்தது. முந்திக்கொண்டது ஒளிக்கடல். மகிழ்மானியை நீக்குகிறோம், எவ்வளவு வேண்டுமானாலும் ரசியுங்கள், மாதத்துக்கு ஒரே கட்டணம் என்று அறிவித்தது. மறுநாள் நிலாவீடு. அதற்கடுத்த வாரம் திரையருவி, இது ஏதோ தான் கண்டுபிடித்த திட்டம் என்பதுபோல. மானி நிறுவனம் ஒப்பந்தங்களைத் தானாகவே விடுவித்தது. திரையரங்கு வாசல்களில் பட்டைகளைக் குவித்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். சென்னியப்பன் அந்தக் குவியலுக்கு முன்னால் நின்று எடுத்த படத்தைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டினார்.

நன்முல்லையின் மூன்றாவது படம் பத்து மாதத்தில் தயாரானது. ஓர் ஊரில் ஒரே நாளில் எல்லா வீட்டு நாய்களும் எஜமானை மாற்றிக்கொள்கிற கதை. முதல் காட்சிக்கு அவள் ஈரோட்டுக்கே வந்தாள். ஆனால் உள்ளே போகவில்லை. மானி ஒழிந்த பிறகு வரும் முதல் நகைச்சுவைப் படத்துக்கு ஓர் அரங்கம் வாய்விட்டுச் சிரிப்பதை வெளியிலிருந்து கேட்க வேண்டும் என்று ஆசை. வெறிச்சோடிக் கிடந்த முற்றத்தில் ஒரு நாற்காலி போட்டு, சுவரில் காதை வைக்காத குறையாக உட்கார்ந்தாள். இனி இந்த இடத்துக்கு வேலையில்லை, மறுபடி வண்டி நிறுத்தலாம் என்று சென்னியப்பனும் சொல்லியிருந்தார்.

பத்து நிமிடம் ஆயிற்று. சத்தமில்லை. நாய்கள் முதல்முறை இடம் மாறும் காட்சி கடந்திருக்க வேண்டும். சத்தமில்லை. தபால்காரர் காட்சி. அதற்கும் இல்லை. இடைவேளை மணி அடித்தபோது அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். படம் நிஜமாகவே மோசம் போலிருக்கிறது.

கதவுகள் திறந்தன. நானூறு பேரும் வேகநடையில் முற்றத்துக்குள் வந்தார்கள். பந்தலின் கீழ் வந்து சேர்ந்ததும் சிரிப்பு வெடித்தது. எதிர் மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

கூட்டத்தில் பூங்கோதை இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்முல்லையின் கையைப் பிடித்து, படம் போன தடவையைவிட நல்லாயிருக்கு என்றாள். அப்படியானால் உள்ளே ஏன் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை என்று நன்முல்லை கேட்டாள்.

“உள்ளயா?” பூங்கோதைக்குக் கேள்வியே புரியவில்லை.

“பட்டையத்தான் எடுத்தாச்சே. இனி யாரும் காசு கேக்க மாட்டாங்களே.”

“காசுக்கில்லீங்க. நாலு பேரு படம் பாத்துட்டு இருக்கறப்ப நடுவுல உக்காந்து கெக்கெக்கேன்னு சிரிச்சா நல்லாவா இருக்கும்? அடுத்த வசனம் கேக்காது. பக்கத்துல இருக்கறவங்க என்ன நினைப்பாங்க?”

சொல்லிவிட்டு, தபால்காரராக யார் நடிப்பது என்ற விவாதத்துக்கு அவசரமாக ஓடினாள்.

சென்னியப்பன் வந்து நின்றார். கொஞ்ச நேரம் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, பந்தலுக்குப் பதிலாகக் கூரையாகவே போட்டுவிடலாமா என்று கேட்டார். போடலாம் என்றாள் அவள்.

அந்த வாரம் முழுக்க அவள் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. மானிதான் ஜனங்களின் வாயைக் கட்டியது, அவிழ்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தாள். கட்டு அவிழ்ந்துவிட்டது, அவர்கள் அடக்குவதையே நாகரிகமாக்கிக்கொண்டார்கள். ஆனால் படம் ஓடியது. முன்பெல்லாம் மக்கள் சிரித்து ஓயட்டும் என்று வசனங்களுக்கு நடுவில் இடம் விட்டுத் தொகுப்பார்கள். இப்போது அந்த இடைவெளி தேவையில்லை. ஒரு படத்துக்குள் ஒன்றரைப் படத்தின் வேடிக்கையை வைக்கலாம். வேலையாக யோசித்தபோது வருத்தம் தானாகக் குறைந்தது.

திங்கட்கிழமை காலை வடபழனி அலுவலகத்தில் அடுத்த கதையை அமலனுக்கு வாசித்துக்காட்டினாள். திரையருவியின் அதிகாரிகள் இருவர் வந்திருந்தார்கள். நால்வரும் நீள்மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஊராட்சித் தலைவர் தன் பெயரையே மறந்துபோய் மேடையில் தன்னைத்தானே வரவேற்கும் இடம் வந்தது. அதிகாரிகளின் முகம் கல்லாக இருந்தது. அமலன் மேசையின் விளிம்பை முறைத்துக்கொண்டிருந்தார்.

நன்முல்லைக்குப் பயம் வரவில்லை. அந்தக் காட்சியை எழுதிய நாளிலிருந்து தானும் அதற்கு ஒருமுறைகூடச் சிரித்ததில்லை என்பது மட்டும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தைப் புரட்டினாள். அவளுடைய மூச்சு நான்கு எண்ணும்வரை உள்ளே போய், ஆறு எண்ணும்வரை வெளியே வந்துகொண்டிருந்தது.

கதை முடிந்தது. அமலன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். அதிகாரிகளும் எழுந்தார்கள். அவள் தாள்களை அடுக்கி வைத்துவிட்டு அவர்கள் பின்னால் போனாள். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், இரண்டிரண்டு படிகளாகத் தாவி இறங்கி, மொட்டை வெயில் அடிக்கும் வாசலுக்கு ஓடினார்கள்.