அந்தக் குரல் என்னுடையதுதான்

“இது யார் குரல்? சொல்லு ஹில்டா... யார் குரல் இது?”

பிரகாசம் நீட்டிய போனில் யாரோ துப்பாக்கியோடு ஓடும் ஒரு விளையாட்டு. அதன் மேல் ஒரு பெண் குரல் சிரித்தபடி பேசியது.

“கேம் ஆடாம போய் சமையல் பண்ணுன்னு கமெண்ட் போட்டவரே! உங்கள மாதிரியே ஒரு பெரிய மனுஷர் எங்க ஊட்லயும் கீறாரு. சர்ச்சுல முதல் பெஞ்சுல உட்கார்ந்து உருகி உருகி ஜெபம் பண்ணுவாரு. ஊட்டுக்கு வந்தா, பொம்பளைங்க வாயத் தொறந்தாலே அவருக்கு ஆவாது!”

அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது. ஹில்டாவுக்கு அந்த வாசனைகூடத் தெரியவில்லை.

பக்கத்துத் தெருவிலிருந்து விடிந்ததும் விடியாததுமாக ஓடி வந்திருந்த பிரகாசத்தின் அக்கா சரசா, நாற்காலியில் அமர்ந்தபடி தலையில் அடித்துக்கொண்டாள்.

“இன்னாடா அவளப் போய் கேட்டுகினு? ஒண்ணு இவ, இல்ல இவ பொண்ணு. ஆத்தாளுக்கும் மவளுக்கும் ஒரே தொண்டை! பாடகர் குழுவுல கண்ண மூடிகினு கேட்டா எனக்கே வித்தியாசம் தெரியாது. சர்ச்சு குரூப்பு முழுக்க இதான் ஓடுது... ஐயோ, ஆவடி பூரா சிரிக்குதே!”

“ரெனிதாவா இருந்தா...” பிரகாசத்தின் குரல் உடைந்தது. ஆத்திரமா, அவமானமா என்று அவருக்கே தெரியவில்லை. “பெங்களூரும் கிடையாது, வேலையும் கிடையாது. இந்த வாசப்படிய அவ தாண்டக் கூடாது!”

ஹில்டா நிமிர்ந்து பார்த்தாள். படுக்கையறைக் கதவிடுக்கில் மகள் நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்குப் பின்னால், கட்டிலில், பெங்களூருக்குக் கட்டிவைத்த பெட்டி. இரண்டு வருடம் அலைந்து கிடைத்த வேலை அது. முகம் காட்டாமல் விளையாடிப் பேசும் அந்தச் சேனலைப் பார்த்துத்தான் அந்த கேம் கம்பெனி அவளைக் கூப்பிட்டிருந்தது. வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் ஹில்டா. அப்பாவிடம் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

“நான்தாங்க பேசுனேன்.”

“என்னது?”

“அவ வெளிய போயிருக்கப்போ, அவ கம்ப்யூட்டர்ல... பொழுது போகாம ஆடிப் பார்த்தேன். ஏதோ ஆத்திரத்துல பேசிட்டேன். அந்தக் குரல் என்னுடையதுதான்.”

கதவிடுக்கில் ரெனிதாவின் உதடுகள் திறந்தன. ஹில்டா கண்ணாலேயே அதட்டினாள். அந்த உதடுகள் மூடிக்கொண்டன.

பிரகாசம் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. போனை மேஜைமேல் வைத்துவிட்டு, சாப்பிடாமலே ஃபேக்டரிக்குக் கிளம்பிப் போனார். போகும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“இனிமே நீ சர்ச்சுல பாடாத.”

இருந்த ஒரே சந்தோஷமும் அப்படிப் போயிற்று! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஹில்டா வாய்விட்டுக் குரல் எழுப்பிய ஒரே இடம் அந்தப் பாடகர் குழுதான். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, உதட்டை மட்டும் அசைத்தாள். வீட்டில் பிரகாசம் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். உப்பு வேண்டுமென்றால்கூட அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்வார்; அக்கா வந்து ஹில்டாவிடம் சொல்லுவாள்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சரசா ஊரெல்லாம் சொல்லிவைத்த செய்தி இணையத்துக்கும் போயிற்று. போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஹில்டா வாய் திறந்து பாடிய படத்தை யாரோ எடுத்துப் போட்டார்கள். தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் துப்பாக்கி கொடுத்து, ‘கேமிங் ஆன்ட்டி’ என்று பேர் வைத்தார்கள். கீழே ஆயிரம் சிரிப்புகள். அவள் உடம்பைப் பற்றி, வயதைப் பற்றி, சொல்லக் கூசும் வார்த்தைகள். முகம் தெரியாதவர்களுக்கு அவள்மேல் அப்படி என்ன கோபம்! அவள் யாருக்கு என்ன செய்தாள்?

பெங்களூருக்குப் போய் வேலையில் சேர்ந்திருந்த ரெனிதாவின் அலுவலகத்துக்கும் அந்தப் படம் வந்தது. பக்கத்தில் இருந்தவன் விழுந்து விழுந்து சிரித்து, அவளிடமே நீட்டினான். தன் அம்மாவின் திறந்த வாயைப் பார்த்தாள் அவள்.

அடுத்த ஞாயிறு, ஆராதனைக்குப் பிரகாசமும் சரசாவும் கிளம்பும் நேரத்தில் ரெனிதா வாசலில் வந்து நின்றாள்.

“அப்பா... பேசுனது நான். அம்மாவுக்கு அந்த கேம தொறக்கக்கூடத் தெரியாது!”

சரசா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நேத்து லைவ்ல முகத்தக் காட்டி எல்லாத்தையும் சொல்லிட்டேன். என்ன எவ்ளோ வேணா திட்டட்டும். அன்னிக்கு நான் பயந்துட்டேன்பா... எங்கம்மாவ முன்னால தள்ளிவிட்டுட்டு ஒளிஞ்சிக்கினேன்!”

அம்மாவின் காலடியில் விழப்போனவளை ஹில்டா தாங்கிப் பிடித்து, மார்போடு சேர்த்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். யார் அழுகை எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒரே குரலில் அழுதார்கள்.

“அடிப்பாவி! அப்போ நீதானா...” என்று சரசா தொடங்கினாள்.

“அண்ணி, போதும்.” ஹில்டா சத்தம்கூடப் போடவில்லை. சரசா அடங்கிவிட்டாள்.

பிரகாசம் சுவரில் சாய்ந்து நின்றார். “ஏன் ஹில்டா? ஒரு தடவயாவது ‘நான் இல்ல’ன்னு சொல்லியிருக்கலாமே...”

“எப்படிங்க சொல்றது? அவ சொன்னதுல எது பொய்?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள் ஹில்டா. “இத்தனை வருஷமா என் மனசுல இருந்ததத்தான் அவ பேசுனா. அதனாலதான் என் பேச்சுன்னு சொல்ல எனக்குக் கஷ்டமாவே இல்ல.”

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மனைவி முன்னால் அவர் அழுதது அதுவே முதல் முறை. “மன்னிச்சிரு...” என்ற வார்த்தை விரல்களுக்கிடையே கசிந்தது.

“மன்னிச்சிட்டேன்னு சொல்ல வாய் வருதுங்க. மனசுதான் வர மாட்டேங்குது. கொஞ்ச நாள் பொண்ணோட இருந்துட்டு வரேன்.”

அவர் தடுக்கவில்லை. மதியம், ஆவடி ஸ்டேஷன் வரை பையை அவரே தூக்கி வந்தார். சென்ட்ரல் போகும் வண்டியில் தாயும் மகளும் ஏறி உட்கார்ந்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். கம்பிக்குள் கையை விட்டு ஹில்டாவின் விரல்களைப் பிடித்தார்.

அவள் திரும்பப் பிடிக்கவில்லை. ஆனால் வண்டி நகரும்வரை கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.