சோத்தாங்கைப் பக்கம்

லவினா பையிலிருந்து ஸ்கேன் படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"என் தம்பி கிளமெண்டோட மூளைப் படம்க்கா. தலைவலின்னு ரெண்டு மாசம் முன்ன எடுத்தது. நெத்திப் பக்கம் இந்தக் கறுப்பு இருக்கறவனுக்குக் கோவத்தை அடக்கத் தெரியாதாம். போன வாரம் மனோகர்கிட்ட வாய்ச்சண்டை போட்டான். இப்போ மனோகர் மண்டையை அவன்தான் உடைச்சான்னு எங்க ஸ்கெலட்டன் காலனி முழுக்கப் பேசுது. ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்காங்க. நாளைக்குக் கோர்ட்டு."

பெங்களூரில் இருபது வருஷம் ஸ்கேன் எடுத்து ஓய்வு பெற்று, இப்போது ஊரார் வழக்குகளைத் துருவிப் பார்த்துத் தரும் நளினி, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "சின்ன வயசுல விழுந்தானா?"

"ஏழு வயசுல. சுரங்கத்துக் கழிவு மண்ணு கொட்டின சயனைடு மேட்டுல சறுக்கி."

"நீ இன்னா நினைக்கற?"

லவினா தரையைப் பார்த்தாள். "படம் வந்ததுலேர்ந்து அருவாமனையைப் பரண்ல போட்டு வெச்சிருக்கேன்க்கா."

லாய்ட் அதையும் நோட்டில் எழுதினான். மாலைக் கல்லூரியில் சட்டம் படிப்பவன், பகலில் நளினிக்கு உதவியாள். சொன்னதைச் சொன்னபடியே எழுதுவான். எழுதியது சரிதானா என்று பிறகு மூன்று முறை சந்தேகப்படுவான். கிளமெண்ட்தான் அடித்திருப்பான் என்று அவனுக்கும் தோன்றியது. அதை மட்டும் எழுதவில்லை.

மூடிய தங்கச் சுரங்க ஷாப்ட் ஒன்றுக்குக் காவலிருந்த மனோகர், முந்தாநாள் காலை அடிபட்டுக் கிடந்தான். இன்னும் நினைவு திரும்பவில்லை.

"முகமெல்லாம் ரத்தம், எங்க அடின்னே தெரியல" என்றாள் அவன் மனைவி ஷில்பா. "துண்டைச் சுத்தி ஆட்டோல ஏத்தினேன். இப்போ மண்டை முழுக்கக் கட்டு. டாக்டர் சொன்னது எதுவும் ஏறல. ஸ்கேன் படத்துலதான் பாத்தேன், பீச்சாங்கைப் பக்கம்."

அந்தப் படத்தை அவள் மொபைலில் தெருவுக்கே அனுப்பியிருந்தாள். இடது பக்கம் வெள்ளைத் திட்டு. பார்த்தவர்களில் நளினி விசாரித்த ஏழு பேரும் பீச்சாங்கைப் பக்கம் என்றே சொன்னார்கள்.

எட்டாவது ஆள் ராஜ்குமார், பழைய இரும்பு வியாபாரி. "அன்னிக்கு நான் பங்காருபேட்டைல இருந்தேன் மேடம். ரத்தம்னா எனக்கு மயக்கம் வரும், ஆஸ்பத்திரி வாசப்படியே மிதிக்கல. ஷில்பா அனுப்பின படம் பாத்ததோட சரி." வாட்ச் கட்டாத வலக்கையால் காதுக்கு மேலே தட்டிக் காட்டினான். "சோத்தாங்கைப் பக்கம் இங்க அடிச்சா எவன் பொழைப்பான்? அந்தக் கிளமெண்டுக்கு அடிக்கறதுக்குன்னே செஞ்ச மூளை."

திரும்பும் வழியில், ஆட்டோவில், லாய்ட் நோட்டில் ஒரு வார்த்தையை அடித்தான்.

"இன்னாப்பா திருத்தற?"

"ராஜ்குமார் சொன்னதைத் தப்பா எழுதிட்டேன்க்கா. சோத்தாங்கைன்னு."

"நீ தப்பா எழுதினியா, அவன் அப்படிச் சொன்னானா?"

லாய்ட் கண்ணை மூடி அந்தக் கையை நினைத்துப் பார்த்தான். "சொன்னான்க்கா. வாட்ச் இல்லாத கையால தொட்டுக் காட்டினான்."

"ஆட்டோவை ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொல்லு."

மாலையில் ஷில்பா வீட்டில் எஸ்.ஐ., லவினா, ராஜ்குமார் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஸ்கேன் படம், படுத்திருக்கறவன் காலடியில நின்னு பாக்கற மாதிரி" என்றாள் நளினி. "அவனோட சோத்தாங்கை, நமக்குப் பீச்சாங்கைப் பக்கம் தெரியும். ஓரத்துல சின்னதா 'ஆர்' எழுத்து இருக்கு, பாருங்க. அடி சோத்தாங்கைப் பக்கம்தான். டாக்டரும் சொல்லிட்டாரு. படம் பாத்த ஏழு பேரும் தப்பாச் சொன்னாங்க. அதே படம் பாத்த ராஜ்குமார் மட்டும் எப்படிச் சரியாச் சொன்னாரு?"

"யாரோ சொன்னாங்க."

"யாரு?"

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அந்தத் தெருவில் அந்த வார்த்தையைச் சொன்னவர் யாருமில்லை. வாட்சைத் திருகிக்கொண்டே இருந்தான். "ஷாப்ட்ல கேபிளைத் திருட்டா வெட்டும்போது மனோகர் பாத்துட்டான். பயந்துட்டேன்."

"நடீரி" என்று கன்னடத்தில் ராஜ்குமாரை நடக்கச் சொல்லி எஸ்.ஐ. எழுந்தார்.

"இவன் மூளையையும் ஸ்கேன் எடுங்க" என்றாள் ஷில்பா, பல்லைக் கடித்தபடி.

"எடுக்கலாம்மா" என்றாள் நளினி. "கறுப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கோவம் ஏன் வருதுன்னு கொஞ்சம் சொல்லும். யார் யாரை அடிச்சாங்கன்னு எந்தப் படத்துலயும் விழாது."

கிளமெண்டை வீடு சேர்த்தபோது லாய்டும் உடனிருந்தான். லவினா பரணிலிருந்து அருவாமனையை இறக்கித் தூசு கழுவினாள்.

"இது எதுக்குக்கா மேல போச்சு?" என்றான் கிளமெண்ட்.

லாய்ட் தன் நோட்டைப் பார்த்தான். அருவாமனை பற்றிய அந்த வரியை அடிக்கலாமா என்று யோசித்து, அடிக்காமல் மூடினான்.

லவினா அருவாமனையைத் தம்பியின் முன்னால் வைத்தாள். "படத்தைத் தப்பாப் பாத்துட்டேன்டா. உக்காரு, வெங்காயம் அரி."